ஏசாயா பெருஞ்சுருள் இணையத்தில்: இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் இலவசச் சேவை எப்படி இருக்கிறது?

வேதாகமத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் நூலிலுள்ள நியாயத்தீர்ப்பு வசனங்களை அச்சுப் புத்தகத்தில் மட்டுமே வாசித்தவர்கள், ஒரு மாலையாவது இந்தத் தளத்தில் செலவிட வேண்டும். ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் கூகுளுடன் சேர்ந்து 2011 செப்டம்பரில் ஐந்து சவக்கடல் சுருள்களை இணையத்தில் ஏற்றியது. அவற்றில் தலையானது ஏசாயா பெருஞ்சுருள். கட்டணம் கிடையாது. படத்தின் தரம் அபாரம். தோலின் துவாரம், தையல், மை உதிர்ந்த இடம் எல்லாம் கண்ணுக்கு எட்டும்.

1947-இல் சவக்கடல் கரையோரத்துக் கும்ரானின் முதல் குகையிலிருந்து வெளிவந்த ஏழு சுருள்களில் இது ஒன்று. 17 தோல்களை ஒன்றோடொன்று தைத்த சுருள், நீளம் 7.34 மீட்டர், 54 பத்திகள் (பக்கம்போல் அருகருகே அமைந்த எழுத்து நிரல்கள்). ஏசாயாவின் 66 அதிகாரங்களும் ஏறக்குறைய முழுமையாக இருக்கின்றன. காலம் ஏறத்தாழ கி.மு. 125. இது கிடைப்பதற்கு முன்பு நம்மிடம் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது.

முதலில் தடுமாறும் இடம் திசை. எபிரெயம் வலமிருந்து இடம் ஓடும். முதல் பத்தி சுருளின் வலது கோடியில் இருக்கிறது. நம் பழக்கத்தில் இடது கோடியிலிருந்து தொடங்கினால் 66-ஆம் அதிகாரத்தில் போய் நிற்போம். சுருளில் அதிகார எண்ணும் இல்லை, வசன எண்ணும் இல்லை. அவை பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. ஆகவே கையால் இழுத்துத் தேடாமல், தளத்திலேயே அதிகாரத்தையும் வசனத்தையும் தேர்ந்து நேராகப் போவதே வழி. வசனத்தைச் சொடுக்கினால் ஆங்கில மொழிபெயர்ப்பு வரும். செல்பேசித் திரை போதாது. எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் வரி பாதியில் அறுந்துபோகும். கணினியில் ஒரு பக்கம் சுருள், மேசையில் தமிழ் வேதாகமம் என்று வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

எபிரெய எழுத்துகள் அறிந்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கையெழுத்தில் வாவ், யோத் என்ற இரண்டு எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சுருளில் எழுத்துக்கூட்டும் தாராளம்: பிற்காலப் பிரதிகள் விட்டுவிடும் இடங்களிலும் உயிரொலிக்கு வாவ் போட்டிருக்கிறார்கள். அச்சிட்ட எபிரெய வேதாகமத்தோடு ஒப்பிடும்போது சொல் நீண்டு தெரிந்தால், அதை உடனே பாடபேதம், அதாவது வேறு சொல், என்று எண்ணிவிடக் கூடாது. வித்தியாசங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட எழுத்துக்கூட்டுதான். எழுத்துகள் கோட்டின்மேல் உட்காராமல், தோலில் கீறிய கோட்டிலிருந்து தொங்குவதும் பழகினால்தான் வரி பிடிபடும்.

எங்கே தொடங்கலாம்? திராட்சத் தோட்டப் பாட்டில், 5:7-இல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, "நியாயத்துக்குக் காத்திருந்தார், இதோ, கொடுமை, நீதிக்குக் காத்திருந்தார், இதோ, முறைப்பாடு" என்கிறது. பொருள் சரிதான், ஆனால் அடி விழும் ஓசை தமிழில் இல்லை. எபிரெயத்தில் நியாயம் 'மிஷ்பாத்', கொடுமை 'மிஸ்பாக்'. நீதி 'செதாகா', முறைப்பாடு 'செஆகா'. காதில் ஏறக்குறைய ஒரே சொல். நீதிக்கும் அலறலுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. நல்ல பழம் என்று கையில் எடுத்தால் கசப்பு, அதை ஓசையிலேயே செய்துகாட்டுகிறார் தீர்க்கதரிசி. திரையில் அந்தச் சொற்களை அருகருகே பார்ப்பதற்காகவே இந்தத் தளத்துக்கு வரலாம்.

அடுத்து 6-ஆம் அதிகாரம். உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில் கண்ட சிங்காசனத் தரிசனம். சேராபீன்கள் மூன்று முறை "பரிசுத்தர்" என்று கூப்பிடுவது ஆராதனையில் ஊறிப்போன வரி. இந்தச் சுருளில் அந்தச் சொல் இரண்டே முறை வருகிறது. எழுதியவரின் கண் ஒன்றைத் தாண்டியிருக்கலாம். அதற்காகப் பதற வேண்டியதில்லை. கையால் நகலெடுத்தால் ஒரே சொல் அடுக்கிவரும் இடத்தில்தான் பிழை நேரும்.

21:8 இன்னும் சுவையானது. பாபிலோன் விழுந்தது என்ற செய்திக்குமுன், காவற்காரன் "சிங்கத்தைப்போல்" சத்தமிடுகிறான் என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்து, இங்கே சிங்கம் எங்கிருந்து வந்தது என்று குழம்பியிருப்போம். மரபுவழி எபிரெயப் பாடத்தில் 'அர்யே', சிங்கம். சுருளில் 'ஹாரோஎ', பார்க்கிறவன். ஏறக்குறைய அதே எழுத்துகள், சற்று மாறியவை. காவற்கோபுரத்தில் நிற்பவனைப் 'பார்க்கிறவன்' என்றால் வசனம் தானாக விளங்குகிறது. என் பார்வையில், சுருளின் பாடம்தான் இங்கே சிறந்தது.

பிறகு 27-ஆம் பத்தியின் அடிக்குப் போங்கள். 33-ஆம் அதிகாரம் முடிந்ததும் மூன்று வரி வெற்றிடம். ஏதோமின்மேல் வரும் பயங்கரமான நியாயத்தீர்ப்பு, அதாவது 34-ஆம் அதிகாரம், புதிய தோலில் 28-ஆம் பத்தியில் தொடங்குகிறது. கிரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் கணினி உதவியோடு எழுத்துகளை அளந்து, ஏறக்குறைய இந்த இடத்தில் எழுதிய கையே மாறுகிறது என்று காட்டினார்கள். இரண்டு எழுத்தர்கள், ஆனால் கண்ணுக்கு ஒரே கைபோலத் தெரியும் பயிற்சி.

இதற்கு மாறாக, கண்டனம் ஆறுதலாக மாறும் 40-ஆம் அதிகாரத்துக்கு எந்த ஆடம்பரமும் இல்லை. அது 32-ஆம் பத்தியின் கடைசி வரியில் தொடங்கி, அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. ஏசாயாவை 39-க்கும் 40-க்கும் நடுவே பிரித்துப் படிக்கப் பழகியவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி. அதை வைத்துக்கொண்டு நூலை எழுதியவர் ஒருவரா பலரா என்று தீர்ப்பு சொல்ல முடியாது. நகலெடுத்தவர் எப்படி வாசித்தார் என்பது மட்டுமே தெரியும்.

33-ஆம் பத்தியில் நிதானமாக நில்லுங்கள். புல் உலர்ந்து பூ உதிரும் 40:7-8. "புல் உலர்ந்து பூ உதிரும்" என்ற தொடர் அடுத்தடுத்து இரண்டு முறை வருவதால், எழுத்தரின் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிட்டது. நடுவிலிருந்த சொற்கள் விடுபட்டன. பிறகு இன்னொரு கை அவற்றை வரிக்குமேல் நுழைத்து, இடம் போதாமல் இடது ஓரத்தில் கீழ்நோக்கி இறக்கியிருக்கிறது. தேவனுடைய நாமம் வரவேண்டிய இடத்தில் எழுத்து இல்லை, நான்கு புள்ளிகள். அச்சில் இதைப் பார்க்கவே முடியாது.

குறைகளும் உண்டு. மொழிபெயர்ப்பில் தமிழ் இல்லை. ஆங்கிலம் தெரியாத ஊழியரோ மாணவரோ தனியாகப் பயன்படுத்துவது கடினம். 7:14-இல் விவாதம் தீரும் என்று வருபவர்களுக்கும் ஏமாற்றம்தான். கன்னிகையா இளம்பெண்ணா என்ற விவாதத்துக்குக் காரணமான 'அல்மா' என்ற அதே சொல் இங்கும் இருக்கிறது. இன்னொரு தவறு, இஸ்ரேல் தொல்பொருள் துறை 2012-இல் தொடங்கிய வேறொரு சவக்கடல் சுருள் தளத்தில் இதைத் தேடுவது. அங்கே நான்காம் குகையின் ஏசாயா துண்டுகள் கிடைக்கும். பெருஞ்சுருளுக்கு அருங்காட்சியகத் தளத்துக்கே வர வேண்டும்.

ஜெருசலேமுக்கு யாத்திரை போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அருங்காட்சியகத்தில் ஜாடி மூடிபோன்ற வெள்ளைக் குவிமாடத்தின் நடுவே, உருளையில் சுற்றிவைத்திருப்பது நகல். தோல் விரிசல் கண்டதால் மூலத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டார்கள். எழுத்தைப் பார்ப்பதற்கு வீட்டுத் திரையே மேல். போவதற்குமுன் 33-ஆம் பத்தியை ஒருமுறை பார்த்துவிட்டால், அங்கே நிற்கும்போது உருளையில் எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.