மசாய் மாரா டிக்கெட் என்று 640 டாலர் பறித்துவிட்டார்கள்: கென்யா போகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

நேற்று இரவுதான் நைரோபி திரும்பினோம். வயிறு இன்னும் எரிகிறது. 640 டாலர். ரூபாயில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று பாருங்கள்.

சமூக வலைத்தளப் பக்கம் ஒன்றில் பயணம் விற்கும் ஆள். இரண்டு பேருக்கு ஐந்து நாள்: நைவாஷா ஏரியில் படகு, ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவில் சைக்கிள், பிறகு மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் இரண்டு நாள். மொத்தம் 1,540 டாலர். முன்பணம் 900. மீதி 640 பயணத்தின் நடுவில்.

முதல் இரண்டு நாளில் ஒரு குறையும் இல்லை. மோசடியே அதில்தான் இருக்கிறது. ஹெல்ஸ் கேட்டின் எல்சா வாயிலில் ஓட்டுநர் போனைக் காட்டினார். கியூஆர் குறியை ஸ்கேன் செய்தார்கள், உள்ளே விட்டார்கள். கென்ய வனவிலங்குச் சேவை என்ற அரசு அமைப்பின் பூங்காக்களுக்கு இ-சிட்டிசன் என்ற அரசுத் தளத்தில்தான் பணம் கட்ட வேண்டும், வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை. ஆகவே அந்தச் சீட்டு அசல். சைக்கிளுக்கும் பிரேக் பிடித்தது, செயின் கழலவில்லை. பள்ளத்தாக்கு வரை ஏழெட்டு கிலோமீட்டர் மண் சாலை. சுமார் 1,900 மீட்டர் உயரம் என்பதால் மூச்சு வாங்கும், காலை ஏழு மணிக்குள் மிதிக்கத் தொடங்கிவிட வேண்டும். வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் சாலையோரம் மேய்ந்துகொண்டிருக்கும். காட்டெருமைக் கூட்டம் குறுக்கே வந்தால் மட்டும் இறங்கி, நின்று, அது போன பிறகே நகர வேண்டும். ஃபிஷர் கோபுரப் பாறையடியில் சாப்பாட்டுப் பையைத் திறந்து வைக்காதீர்கள், பபூன் குரங்கு பறித்துவிடும்.

அன்று மாலை அந்த ஆளிடமிருந்து செய்தி: "மாரா டிக்கெட் இன்றே போட வேண்டும், நாளைக்கு விலை மாறும். மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்." முன்பணம் போன கணக்கு வேறு, இந்த எம்-பெசா (போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) எண் வேறு. கேட்டோம். "அது கம்பெனி கணக்கு, இது டிக்கெட் கணக்கு" என்றார். காலையில்தானே ஒரு டிக்கெட் கண் முன்னால் ஸ்கேன் ஆனது? அந்த ஒரு நினைப்பில் 640 டாலரும் போய்விட்டது. இரண்டு பேருக்கு இரண்டு நாள் மாரா கட்டணம் 400, மாராவுக்கு வேனுக்குப் பதில் லேண்ட் குரூசர் 150, "மாராவுக்குள் காலை நடைப்பயணம்" 90.

பத்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது. ஹெல்ஸ் கேட் சீட்டு மாதிரியே அதே சின்னம், அதே கியூஆர். அங்கேயே பிடிபட்டிருக்க வேண்டிய ஆள் அவர். மசாய் மாரா கென்ய வனவிலங்குச் சேவையின் கையில் இல்லை. அது நரோக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அரசின் காப்பகம். கட்டணமும் ரசீதும் வேறு. வனவிலங்குச் சேவையின் பெயரில் மாரா டிக்கெட் என்று ஒன்று வந்தாலே அது போலி. இன்னொன்று, அதில் "24 மணி நேரம் செல்லும்" என்று போட்டிருந்தது. அது பழைய விதி. 2024 முதல் காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரம்தான். வயது வந்த வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200.

நடைப்பயணம் சுத்தப் பொய். காப்பகத்துக்குள் வண்டியைவிட்டு இறங்கி நடக்க அனுமதி கிடையாது. வழிகாட்டியோடு நடப்பதெல்லாம் காப்பகத்தை ஒட்டி, கன்சர்வன்சி என்ற பெயரில் தனியாக நடத்தப்படும் வனவிலங்கு நிலங்களில்தான், அதற்குத் தனிக் கட்டணம். இல்லாத ஒன்றுக்கு 90 டாலர்!

லேண்ட் குரூசரும் வரவில்லை. வழியில் நரோக் ஊரில் வண்டி மாற்றுவதாகப் பேச்சு. அதே வேனில்தான் மாராவின் செகனானி வாயில் வரை போனோம். மாராவில் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் வேன் சக்கரம் சுழலுமே தவிர நகராது, அதற்காகத்தான் அந்த 150.

வாயிலில் ரேஞ்சர் பிடிஎஃபைப் பார்த்துவிட்டு, "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநர் தினக்கூலிக்கு வந்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன் போட்டோம். முதலில் "சிஸ்டம் டவுன், ஒரு மணி நேரம் பொறுங்கள்". அப்புறம் "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்". அப்புறம் "வாயிலில் கட்டுங்கள், நைரோபியில் திருப்பித் தருகிறோம்". மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். கடைசியில் ஒரு நாளுக்கு மட்டும் இரண்டு பேருக்கு 200 டாலர் கார்டில் கட்டி உள்ளே போனோம். பாதி நாளுக்கும் முழுக் கட்டணம்தான். இரண்டாம் நாளை விட்டுவிட்டோம். நைரோபி வந்து கேட்டால் "போலே சானா", அதாவது ரொம்ப வருத்தமாம். வருத்தத்தை வைத்து என்ன செய்வது? 640 டாலர் எங்கே? இன்று காலையிலிருந்து அந்த ஆளின் எண் அணைந்து கிடக்கிறது. சமூக வலைத்தளப் பக்கத்தில் மட்டும் புதிய சிங்கப் படம் போட்டிருக்கிறார்கள், அடுத்த ஆளுக்கு.

விரிவாக எழுத இப்போது கை ஓடவில்லை. அவசரமாகச் சில:

மாரா கட்டணத்தை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். தொகுப்பில் அதைக் கழித்து விலை கேளுங்கள், வாயிலில் உங்கள் கார்டிலேயே கட்டுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கென்யாவில் பயண நிறுவனத்துக்குச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். கென்யப் பயண ஏற்பாட்டாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் பெயரைத் தேடுங்கள்.

நடுவழியில் கணக்கு எண் மாறினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கார்டில் கட்டியதற்கு வங்கியில் முறையிட வழி உண்டு. எம்-பெசாவில் தனி ஆளுக்குப் போனதைத் திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

தங்கும் விடுதி மாராவுக்கு வெளியே என்றால், போய்ச் சேரும் அன்று மதியம் உள்ளே நுழையாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முழு டிக்கெட் வீணாகும். மறுநாள் காலை 6 மணிக்கு வாயிலில் நில்லுங்கள்.

ஹெல்ஸ் கேட் பள்ளத்தாக்கில், மேகம் கறுத்திருந்தால் எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் இறங்காதீர்கள். 2012இலும் 2019இலும் திடீர் வெள்ளத்தில் அங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

அந்தப் பிடிஎஃபை வைத்திருக்கிறேன். இன்று மதியம் போலீசில் புகார் கொடுக்கப் போகிறோம்.