இரண்டே பேர், ஒரு பெருங்கடல்: இரவு வாட்ச் 3 மணி நேரமா, 4-ஆ, 6-ஆ?

கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் வரை சுமார் 2,700 கடல் மைல். சின்னப் பாய்மரப் படகு 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போனால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். சுக்கானை ஆட்டோபைலட் பிடித்துக்கொள்ளும், ஆனால் கடலைப் பார்க்க ஆள் வேண்டும். 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 5-ஆவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. படகில் இருப்பதே இரண்டு பேர் என்றால் ராத்திரிக் காவலை, அதாவது வாட்சை, எப்படிப் பங்கு போடுவது?

காகிதத்தில் ஜெயிப்பது 6 மணி நேர முறைதான். இரவு 8 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் காலை 8 வரை இன்னொருவர். ஆளுக்கு ஐந்து மணி நேரமாவது ஒரே மூச்சில் தூங்கலாம். சிக்கல் விழித்திருப்பவர் பக்கம் இருக்கிறது. ஐந்தாவது மணி நேரத்தில் கண் திறந்திருக்கும், மூளை எதையும் வாங்காது. எதிரே 20 நாட் வேகத்தில் ஒரு சரக்குக் கப்பல் வருகிறது என்று வையுங்கள். பெரிய கப்பலின் கொடிமர விளக்கு குறைந்தது 6 கடல் மைலுக்காவது தெரிய வேண்டும் என்பது விதி. இரண்டு வேகமும் சேர்ந்து 25 நாட், அதாவது விளக்கு தெரிந்து 15 நிமிடத்துக்குள் ஆள் தலைமேல் வந்துவிடும். கண் அயர்ந்துவிடாமல் சுற்றிப் பார்க்க, சமையலறை டைமரை 10 நிமிடத்துக்கு வைத்துக்கொள்வது அதனால்தான். சுற்றியுள்ள கப்பல்களின் ரேடியோ சமிக்ஞையை வாங்கிக் காட்டும் ஏஐஎஸ் திரை இருக்கிறதே என்பீர்கள். எல்லா மீன்பிடிப் படகிலும் அது இருக்காது.

3 மணி நேர முறையில் காவல் கூர்மையாக இருக்கும், தூக்கம்தான் கந்தல். மழைக்கோட்டைக் கழற்றி, ஆடும் படுக்கையில் உடம்பை முட்டுக்கொடுத்துப் படுத்து, கண் அயர்ந்து, மறுபடி பத்து நிமிடம் முன்பே எழுந்தால் கையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம் சொச்சம். முதல் மூன்று நாள் கடல் மயக்கத்தில் இதுதான் சரி, ஏனென்றால் அப்போது அதற்குமேல் யாராலும் உட்கார முடியாது. மூன்று வாரமும் இப்படியே ஓட்டினால் பாதி வழியில் உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் சண்டை வரும்.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. தனியாக இருக்கும்போது சுக்கான் இருக்கும் காக்பிட்டை விட்டு முன்தளத்துக்குப் போகக் கூடாது, அடுத்தவரை எழுப்பியாக வேண்டும் என்பது பல படகுகளில் கறாரான சட்டம். கிழக்கிலிருந்து சீராக வீசும் வணிகக் காற்றுப் பகுதியில் இரவில் திடீரென்று காற்றோடு மழை அடிக்கும், பாயைச் சுருக்க வேண்டியிருக்கும். 6 மணி நேர முறையில், 'பாவம், அவருக்கு இருப்பதே இந்த ஒரு தூக்கம்' என்று எழுப்பாமல் தள்ளிப்போடுவோம். பாய் கிழிவது அந்தத் தயக்கத்தில்தான்.

என் ஓட்டு 4 மணி நேரத்துக்கு. 8-12, 12-4, 4-8 என்று இரவில் மூன்று வாட்ச். ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று. மறுநாள் மாற்றிக்கொண்டால் கணக்கு நேர். நள்ளிரவு வாட்ச் ஒருவர் தலையிலேயே விழாது என்பது கூடுதல் லாபம், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் சூரிய உதயமும் கிடைக்கும். பகலுக்கு அட்டவணையே வேண்டாம், முந்தின இரவு இரண்டு வாட்ச் பார்த்தவர் முதலில் தூங்கட்டும். கரையை நெருங்கி மீன்பிடிப் படகுகள் தென்பட ஆரம்பித்ததும் பழையபடி மூன்றுக்குத் திரும்பிவிடுங்கள்.