வலைப்பூவா, சமூக ஊடகமா?

ஆஸ்திரேலியப் பழங்குடி எழுத்தாளர் ஒருவர் ஊரைப் பேசவைக்க எது தோது?

வேகம் என்றால் சமூக ஊடகம்தான். 2016 ஆகஸ்டில் ஒரு தேசிய நாளிதழில் கேலிச்சித்திரம் வந்தது: கையில் பியர் கேனுடன் ஒரு பழங்குடி அப்பா, மகனின் பெயரே தெரியாமல் நிற்கிறார். அதற்குப் பதிலடியாக, சில நாட்களிலேயே ‘இண்டிஜினஸ் டாட்ஸ்’ (பழங்குடி அப்பாக்கள்) ஹேஷ்டேகில் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் படங்களைக் கொட்டித் தீர்த்தார்கள். எந்தக் கட்டுரையும் இவ்வளவு பேரை இழுத்திருக்காது.

ஆனால் சமூக ஊடகம் வாடகை வீடு. அதே ஆண்டு மார்ச்சில், அரெர்ண்டே என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த எழுத்தாளர் செலஸ்ட் லிடில் தன் மகளிர் தின உரையை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். உடன் இருந்த படத்தில் இரண்டு பழங்குடிப் பெண்கள், சடங்குக்காக வெற்று மார்பில் வண்ணம் தீட்டியிருந்தார்கள். ‘நிர்வாணம்’ என்று சொல்லி அவர் கணக்கையே முடக்கிவிட்டார்கள்! (ஆபாசம் யார் கண்ணில் இருந்ததோ.)

சொந்த வலைப்பூவில் இந்தத் தொல்லை குறைவு. நீளமாக வாதாடலாம், பழையதையும் தேடி எடுக்கலாம். ஆள் வரத்துதான் கம்மி. என் ஓட்டு வலைப்பூவுக்கே, ஆனால் ஆள் திரட்ட மற்றதும் வேண்டும். 2012இல் ‘இண்டிஜினஸ்எக்ஸ்’ என்று வாரம் ஒரு பழங்குடியினர் மாறி மாறி நடத்தும் ட்விட்டர் கணக்கைத் தொடங்கிய, பழங்குடியினரான லூக் பியர்சனும், அப்புறம் கட்டுரைகளுக்கென்று தனித் தளம் வைத்தார்.