ஓஸ்லோவும் கேம்ப் டேவிடும்: படிப்படியாகவா, ஒரே மூச்சிலா?

இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையிலான 1993 ஓஸ்லோ அமைதி உடன்பாடு கடினமானவற்றை ஒத்திப்போட்டது. முதலில் ஐந்தாண்டு இடைக்காலம்; எல்லை, ஜெருசலேம், அகதிகள், ஆக்கிரமிப்பு நிலத்திலுள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்கள் எல்லாம் பிறகு. 1995இல் மேற்குக் கரை மூன்றாக வகுக்கப்பட்டது. ஏ பகுதியில் நிர்வாகமும் காவலும் பாலஸ்தீனர்களின் தன்னாட்சி அமைப்பான பாலஸ்தீன ஆணையத்திடம். பி பகுதியில் நிர்வாகம் மட்டும், பாதுகாப்பில் இஸ்ரேலின் கை ஓங்கும். சி பகுதி இஸ்ரேலிடம். தற்காலிகக் கோடுதான், ஆனால் இன்றும் நிலத்தில் சுமார் 60 சதவீதம் சி பகுதியே. கோளாறு எங்கே? குடியேற்றங்களை நிறுத்தும்படி வெளிப்படையான விதி இல்லை. கெடு தவறினால் என்ன செய்வது என்பதும் இல்லை. நீண்ட இடைவெளி எதிர்ப்பாளர்களுக்கு வாய்ப்பானது: 1994இல் ஹெப்ரானில் தொழுகையில் இருந்த பாலஸ்தீனர்களை யூதத் தீவிரவாதி ஒருவர் சுட்ட படுகொலை, உடன்பாட்டை எதிர்த்த பாலஸ்தீன இயக்கமான ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்கள், 1995 நவம்பரில் யூதத் தீவிரவாதி ஒருவர் கையில் இஸ்ரேல் பிரதமர் ரபின் கொலை.

2000 ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிடில் நடந்த பேச்சு இதற்கு நேர்மாறு. இஸ்ரேல் பிரதமர் பராக், பாலஸ்தீனத் தலைவர் அராஃபத், அமெரிக்க அதிபர் கிளிண்டன், இரண்டு வாரம். எல்லாம் முடிந்தால்தான் எதுவும் முடிந்ததாகும் என்பது விதி, ஆகவே பாதி முன்னேற்றம் கணக்கில் ஏறவில்லை. இஸ்ரேலின் முன்மொழிவுகள் பெரும்பாலும் வாய்மொழியாக, அமெரிக்கர் வழியே வந்தன. யார் எவ்வளவு தந்தார் என்ற சண்டை இன்னும் ஓயாததற்கு அதுவே காரணம். பேச்சு உடன்பாடின்றி முடிந்த பின், அதே ஆண்டு டிசம்பர் 23இல், மேற்குக் கரையில் 94–96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு என்று கிளிண்டன் எண்ணிட்டுச் சொன்னபோது, அவர் பதவியில் ஒரு மாதம்கூட மிச்சமில்லை.