காப்புரிமை எண்ணை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்: "அணுக்கரு நீராவிக் கலன்" விநியோக உரிமை பற்றி ஓர் எச்சரிக்கை

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறேன். எங்கள் தொழிலில் கொதிகலனுக்கு வாங்கும் விறகின் செலவு எவ்வளவு என்பது பட்டறைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். ஆகவே, ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் ஆறு மாதம் நீராவி தரும் கலன் ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு நிறுவனத்தார் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டேன். நிக்கல் பொடியும் ஹைட்ரஜனும் சேர்ந்து நிகழ்த்தும் குறை ஆற்றல் அணுக்கரு வினையே அதன் அடிப்படை என்றார்கள். மூன்று மாவட்டங்களுக்கான விநியோக உரிமைக்காக 2018 பிப்ரவரியில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து 14 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தோம். கலனும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. இதே பேச்சு இப்போது ஈரோட்டுப் பக்கம் நடப்பதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களை நம்ப வைத்தது கலனை விட, அவர்கள் காட்டிய ஒரு தாள். டபிள்யூ.ஓ. என்ற எழுத்துகளில் தொடங்கும் எண்ணைக் காட்டி, இது சர்வதேசக் காப்புரிமை என்றார்கள். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்பதைப் பணம் போன பிறகே அறிந்தேன். அந்த எண், ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஒரு விண்ணப்பத்தை வெளியிட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். காப்புரிமை தருவதா மறுப்பதா என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத்தான் முடிவு செய்கிறது. அந்த விண்ணப்பத்தோடு ஆய்வரின் கருத்துரையும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லப்படும் விளைவு நிகழ்வதற்குப் போதிய சான்று இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எங்களுக்குக் காட்டிய கோப்பில் அந்தப் பக்கங்கள் மட்டும் இல்லை.

"அமெரிக்காவே இந்தத் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டது" என்றும் சொன்னார்கள். அவர்கள் குறிப்பிட்டது, தங்களுக்குத் தொடர்பே இல்லாத, இதே வகைக் கருவியைச் செய்ததாகச் சொன்ன இத்தாலியர் ஆந்திரேயா ரோஸ்ஸியின் கண்டுபிடிப்புக்கு 2015 ஆகஸ்ட் 25 அன்று வழங்கப்பட்ட 9,115,913 எண் காப்புரிமை. அதன் தலைப்பு திரவச் சூடாக்கி என்பதுதான். நிக்கல், லித்தியம், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு பற்றிப் பேசும் அதன் உரிமைக்கோரல்களில், அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் பகுதியில், அணுக்கரு வினை என்ற சொல்லே கிடையாது. குளிர் இணைவு (அதிக வெப்பமில்லாமலே அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் தரும் என்ற கூற்று; குறை ஆற்றல் அணுக்கரு வினை என்பதும் இதையொட்டிய பெயரே) என்று வெளிப்படையாகக் கோரும் விண்ணப்பங்களை, செயல்படும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்து வந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு மறுப்பை 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

இந்தியாவிலோ அன்று நிலைமை இன்னும் தெளிவாக இருந்தது. அணு ஆற்றல் தொடர்பான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவில் அப்போது சொன்னது. நாங்கள் பணம் கொடுத்த நாளில் அதுவே நடைமுறையாக இருந்தது. அவர்கள் சொன்னபடி அது அணுக்கரு உலை என்றால் அன்று இங்கே காப்புரிமை கிடைத்திருக்காது. அன்று காப்புரிமை கிடைக்கக்கூடியது என்றால் அது அணுக்கரு உலையாக இருந்திருக்க முடியாது. இந்த ஒரு கேள்வியை அன்றே கேட்டிருந்தால் என் மைத்துனரின் பணமாவது தப்பியிருக்கும்.

செய்முறை விளக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலனுக்குள் செல்லும் தண்ணீரை அளந்தார்கள், மின்சாரத்தை அளந்தார்கள், வெளியேறும் முனையில் வெப்பமானி 100 டிகிரியைக் காட்டியது. உள்ளே போன தண்ணீர் முழுவதும் ஆவியாகிவிட்டது என்று கொண்டு, கொடுத்ததைப் போல ஆறு மடங்கு ஆற்றல் வருகிறது என்று கணக்குக் காட்டினார்கள். 20 டிகிரி தண்ணீர் ஒரு கிலோவை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 335 கிலோஜூல் போதும். அதை முழுவதும் ஆவியாக்க மேலும் 2257 கிலோஜூல் வேண்டும். கொதிநீராகவே வெளியேறும் தண்ணீரை ஆவி என்று எழுதினால், கணக்கில் வரும் ஆற்றல் உண்மையானதைப் போல ஏழு மடங்குக்கு மேல் ஆகிவிடும். குழாயின் மறுமுனை சாக்கடைக்குள் போய்விட்டதால் வந்தது ஆவியா தண்ணீரா என்று யாரும் பார்க்கவில்லை. 2011 ஜனவரியில் இத்தாலியின் போலோன்யா நகரில் ரோஸ்ஸி காட்டிய செய்முறை மீதும் அறிவியலாளர்கள் இதே ஐயத்தைத்தான் எழுப்பினார்கள்.

வணிக வாய்ப்பு குறித்து அவர்கள் பேசியதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் பெரியது. ரோஸ்ஸியிடம் உரிமம் பெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்று 1 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்த பின், மீதி 8 கோடியே 90 லட்சத்தைத் தர மறுத்தது. அவர் 2016-இல் வழக்குத் தொடுத்தார். 2017 ஜூலையில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால், கருவி வேலை செய்ததா என்பதற்கு நீதிமன்றம் விடை சொல்லவே இல்லை. நாங்கள் பணம் கொடுத்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. கூகுள் பணத்தில் நடந்த பல்லாண்டு ஆய்வும் குளிர் இணைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றே 2019-இல் அறிவித்தது. இந்தத் துறையில் நேர்மையாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். 2011-இல் சென்னையிலேயே அவர்களின் பன்னாட்டு மாநாடு நடந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்திலேயே தீராத ஒன்றை மாவட்ட வாரியாக விற்பது வேறு.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் அது "திருப்பித் தரப்படாத ஆராய்ச்சிப் பங்களிப்பு" என்று இருப்பதைக் காட்டினார்கள். நாங்கள் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் ரசீது, வங்கிச் சான்று, ஒப்பந்தத்தின் அசல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் தங்கள் பகுதியில் புகார் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்னும் கையெழுத்திடாதவர்கள் அந்த ஒன்பதாம் பக்கத்தை முதலில் படியுங்கள்.