கூடத்துத் தரைக்குக் கார்பெட்டா, கெட்டித் தரையா?

வீட்டில் மிக அதிகமாக மிதிபடும் தரை கூடத்துத் தரைதான். ஆனாலும் அதற்கான தேர்வு, கடையில் கைக்கு மென்மையாகப் பட்டதையோ கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்ததையோ வைத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. சுவரிலிருந்து சுவர்வரை பதிக்கும் கார்பெட்டை ஒருபுறமும், டைல்ஸ், கல், மரம், லேமினேட் (மரநார்ப் பலகையின் மேல் மரம்போல் அச்சிட்ட படலம் ஒட்டியது), வினைல் ஆகிய கெட்டித் தரைகளை மறுபுறமும் வைத்துப் பார்க்கும்போது, அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: தரையில் விழும் ஈரமும் தூசியும் எங்கே போய்ச் சேருகின்றன?

ஒரு தம்ளர் பால் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸ் தரையில் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தால் வேலை முடிந்தது. கார்பெட்டில் பால் இழைகளுக்கு நடுவே இறங்கி, அடித்துணியைத் தாண்டி, அதன் கீழே விரித்திருக்கும் மெத்தை அடுக்குவரை போய்விடுகிறது. மேலே ஒற்றியெடுத்ததும் சுத்தமாகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் அடியில் தங்கிய ஈரம் காயும்போது இழைகள் வழியாக மேலேறி, தன்னோடு கொண்டுவந்த கசடை நுனியில் விட்டுச் செல்வதால், மறுநாள் அதே இடத்தில் கறை மீண்டும் தலைகாட்டுகிறது. தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சிறிதளவு நீரால் அலசி, உலர்ந்த துணியை மடித்து வைத்து அதன்மேல் கனமான பொருளை ஏற்றி ஓரிரவு விட்டால்தான் அடியிலுள்ள ஈரம் வெளியே வரும். பெரிய அளவில் நனைந்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுவதும் உலர்த்தியாக வேண்டும். தவறினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆகவே காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊர்களிலும், மண்ணிலிருந்து ஈரம் ஏறும் கீழ்த்தளங்களிலும் சுவருக்குச் சுவர் கார்பெட் பதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூசி விஷயத்தில் கார்பெட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. கெட்டித் தரையில் கிடக்கும் தூசி நடமாட்டத்திலும் மின்விசிறிக் காற்றிலும் மீண்டும் மேலெழும்புகிறது, கார்பெட்டோ அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிடித்து வைத்ததை வாக்யூம் கிளீனர் அடிக்கடி வெளியே எடுத்தால்தான் அது நன்மை. இல்லாவிட்டால் வெறும் சேமிப்பு. செருப்போடு வரும் நுண்மணல் இழைகளின் அடிக்கு இறங்கி, ஒவ்வொரு மிதிக்கும் அவற்றை அராவுகிறது. வாசலிலிருந்து சோபாவரை நடந்து நடந்து மங்கிப்போன தடத்தை எத்தனை முறை கழுவினாலும் பழைய பொலிவு திரும்பாததற்குக் காரணம், அங்கே இழையே தேய்ந்துவிட்டிருப்பதுதான். கார்பெட்டுக்கு வாரம் இருமுறை வாக்யூம், 12 முதல் 18 மாதங்களுக்கு ஒருமுறை வெந்நீர் பாய்ச்சி உறிஞ்சும் முறையில் ஆழமான சுத்தம் என்ற ஒழுங்கு வேண்டும். ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் அளவே இருக்கும் தூசிப்பூச்சிகள் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில் நன்கு பெருகக்கூடியவை என்பதால், அவற்றால் ஒவ்வாமையோ ஆஸ்துமாத் தொல்லையோ ஏற்படுபவர் வீட்டில் இருந்தால் கெட்டித் தரையே தகும்.

அப்படியானால் கார்பெட் எங்கே வெல்கிறது? ஒலியிலும் குளிரிலும். மாடியில் குழந்தைகள் ஓடும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பெரிய அறையில் பேச்சு எதிரொலிப்பது ஆகிய மூன்றையும் ஒருசேர அடக்குவதில் கார்பெட்டுக்கு இணையான தரை இல்லை. லேமினேட்டுக்கு அடியில் போடும் நுரை அடுக்கு கீழ்வீட்டாருக்குக் கேட்கும் ஒலியைக் குறைக்குமே தவிர, அறைக்குள் எழும் எதிரொலியை ஒன்றும் செய்யாது. குளிரைப் பொறுத்தவரை, ஒரே அறையில் கல்லும் மரமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. கிரானைட் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் பாதத்தின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது, அதனால் சில்லிடுகிறது. குளிர்நாட்டில் இது குறை. வெயில் கொளுத்தும் ஊரில் இதுவே வரம். தரைக்கடியில் சூடேற்றும் அமைப்பு உள்ள வீடுகளில் கார்பெட்டும் அதன் அடி மெத்தையும் சேர்ந்த வெப்பத்தடை 2.5 டாக் (tog, துணி, கார்பெட் போன்றவற்றின் வெப்பத்தடையை அளக்கும் அலகு) அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் கீழே செலவழிக்கும் வெப்பம் மேலே வந்து சேராது.

கார்பெட்டே வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் நூலைக் கவனிக்க வேண்டும். நைலான் மிதிபட்டாலும் நிமிர்ந்துவிடும். பாலிப்ரொப்பிலீனில் கறை எளிதில் ஏறாது, ஆனால் அதன் இழைகள் மிதிபட்டு விரைவில் தட்டையாகிவிடும். கம்பளி எளிதில் தீப்பற்றாது, ஆனால் அந்துப்பூச்சிக்கு இரையாகும். பூனை வளர்ப்பவர்கள் வளைய இழைக் கார்பெட்டைத் தவிர்ப்பது நல்லது, நகம் மாட்டி ஓர் இழை உருவினால் வரிசையே பிரிந்துவரலாம்.

கெட்டித் தரைகளுக்குள்ளும் வேறுபாடு பெரிது. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மேற்படாத விட்ரிஃபைட் டைல்ஸ் ஏறத்தாழ எதையும் தாங்கும். மெருகேற்றிய மேற்பரப்பில் ஈரம் பட்டால் வழுக்கும் என்பதே அதன் பெரிய குறை, முதியவர்கள் உள்ள வீட்டில் சொரசொரப்பான வகையே வேண்டும். மார்பிள் சுண்ணாம்புக் கல் இனம் என்பதால் எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் பளபளப்பு அரிக்கப்பட்டு மங்கிவிடும். மரம் பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடாமல் பதித்தால் நடுவில் புடைத்தெழும். லேமினேட்டின் பலவீனம் அதன் இணைப்புகளில் இருக்கிறது, தேங்கிய நீர் அதில் இறங்கினால் விளிம்பு உப்பி அப்படியே நின்றுவிடும்.

ஆயுளைச் சேர்த்துக் கணக்கிட்டால் என் தராசு கெட்டித் தரைப் பக்கமே சாய்கிறது. நன்கு பேணிய கார்பெட்டும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் மாற்றவேண்டியதாகிவிடும். டைல்ஸ் பல பத்தாண்டுகள் நிற்கும், முழு மரத் தரையை இழைத்து மீண்டும் புதிதாக்கலாம். மென்மை வேண்டிய இடத்தில், அதாவது சோபாவின் முன்கால்கள் ஏறி நிற்கும் அளவுக்கு, தனி விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டால் கார்பெட் தரும் இதத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தூக்கி உதறவும், வெயிலில் காயப்போடவும், வெளியே கொடுத்துத் துவைக்கவும் முடியும். அடியில் வழுக்காத வலை விரிப்பது மட்டும் கட்டாயம், ஓரம் மடங்கிய விரிப்பில் கால் தடுக்கி விழுவோர் உண்டு. குளிர் மிகுந்த ஊரில், மேல்மாடியில், ஒவ்வாமை இல்லாத குடும்பத்துக்கு மட்டும் சுவருக்குச் சுவர் கார்பெட்டைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

எதைப் பதிப்பதானாலும், கான்கிரீட் தளத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர் முத்துக்கள் இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ, தளம் உலரும்வரை கார்பெட், மரம், லேமினேட் மூன்றையும் தள்ளிப்போட வேண்டும்.