பியர் பம்பில் பார்லித் தண்ணீர்: காற்று பிடிக்கும் தொல்லை

வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கென்று செய்யப்படும் காந்தப் பம்பின் விலை இணையக் கடைகளில் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பந்தலுக்கு அதை வாங்கலாமா என்று பக்கத்துத் தோட்டத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குழு தைப்பூசத்துக்கு அண்டா அண்டாவாகக் காய்ச்சும் பார்லித் தண்ணீரைப் பீப்பாய்களுக்கு மாற்றுவது சில ஆண்டுகளாக இந்தப் பம்பால்தான். கொதிக்கக் கொதிக்க மொண்டு ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்ட காலம் போயிற்று. மோட்டாருக்கும் உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரத்துக்கும் நடுவே தண்டு கிடையாது. தடுப்புச் சுவரின் இருபுறமும் உள்ள காந்தங்களே அதைச் சுழற்றுவதால், தேய்ந்து ஒழுகும் தண்டுச் சீலும் இல்லை. இதுவரை எனக்கு மகிழ்ச்சியே.

என் பொறுமையைச் சோதிப்பது அதைத் தொடங்கும் வேலை. இந்த வகைப் பம்பு தானாக நீரை உறிஞ்சாது. சக்கரம் இருக்கும் தலைப்பகுதி முழுவதும் நீர் நிறைந்திருந்தால்தான் தள்ளும். அண்டாவைவிடத் தாழ்வாக வைத்தும், மோட்டார் ஓடுகிறது, குழாயில் ஒரு சொட்டுக்கூட வருவதில்லை. நீர் வெளியேறும் வாய் பக்கவாட்டைப் பார்க்கும்படி பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் தலையின் மேற்பகுதியில் காற்று தங்கிவிடுகிறது. நான்கு திருகுகளைக் கழற்றி, வாய் நேரே மேல்நோக்கும்படி தலையைத் திருப்பிப் பூட்டியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. இதைப் பற்றி உடன் வந்த தாளில் ஒரு வரியும் இல்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மீதிப் பாதிக்கு நிதானம் வேண்டும். வால்வுகளைத் திறந்து, வெளிக்குழாயின் நுனியை அண்டாவின் நீர்மட்டத்துக்குக் கீழே பிடித்தால், நீர் தானே இறங்கிக் காற்றைத் தள்ளும். கண்ணாடிபோல் தெரியும் சிலிக்கோன் குழாயில் கடைசிக் குமிழி வழுக்கிப் போவதைப் பார்த்த பின்னரே, வெளி வால்வை மூடி, சுவிட்சைப் போட்டு, வால்வை மெல்லத் திறக்க வேண்டும். கரகரவென்ற ஓசை அடங்கி மெல்லிய ரீங்காரம் கேட்டால் ஓட்டம் சரி. வேகத்தை எப்போதும் வெளி வால்வில்தான் குறைக்க வேண்டும். உள்வழியை நெரித்தால் தலைக்குள் அழுத்தம் குறைந்து, கொதிநிலையை ஒட்டிய நீர் அங்கேயே ஆவியாகி மறுபடியும் ஓட்டம் அறுந்துவிடும். எனவே அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு தொடங்குவது நல்லது. நீரில்லாமல் ஓடவிட்டால் உட்பகுதி தேய்ந்து கெடும்.

குழாயை இணைக்கும் மரையையும் பார்த்து வாங்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் தர பிஎஸ்பி மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்கத் தர என்பிடி மரையுடையது 60. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள் என்பதால் ஒன்றில் மற்றதைத் திருகினால் முதலில் ஒத்துப்போவதுபோல் ஏறிப் பிறகு கசியும்.

பார்லியை வடிகட்டாமல் பம்புக்குள் விடவே கூடாது. வேலை முடிந்த உடனே வெந்நீர் ஓட்டி, தலையைக் கழற்றிக் கழுவாவிட்டால் கஞ்சி காய்ந்து சக்கரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இத்தனை உழைத்த பம்பை நான் பரிந்துரைக்கத்தானே வேண்டும்? மனம் வரவில்லை. வெயிலில் பக்தர்கள் வரிசையில் நிற்கும்போது காற்றோடு மல்லுக்கட்டியவனுக்கு, இறங்கிய விலையும் கூடுதலாகவே தோன்றுகிறது. காற்றை வெளியேற்றும் சிறு வால்வு தலையிலேயே அமைந்த மாதிரி கிடைத்தால், சற்று அதிகம் கொடுத்தாவது அதை வாங்குங்கள். இதையேதான் வாங்குவீர்களென்றால், வெளிவாயில் பொருத்த ‘T’ வடிவ இணைப்பு ஒன்றும் சிறிய வால்வும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.